முழுத் திருப்தி

அன்றைக்கு அடுக்களையில் தன் மனைவியும் பேராசிரியை ஹெப்சிபாவும் சமையலைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதைக் கோமதிநாயகம் பல வருடங்களாக நம்பவில்லை.

சொன்னவள் மனைவி பிரமநாயகி. பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் இந்தச் சந்தேகத்தை அவர் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் குளிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

'சமையலாம்' என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

நடந்தது இதுதான்.

கோமதிநாயகம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலையில் லேபர் ஆபீசராக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். நெறியாளராக வாய்த்த ஹெப்சிபா அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இவர் 'மேடம்' என்பார். அவர் 'சார்' என்பார். துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு இவருக்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார்கள்.

ஆய்வின் தலைப்பு, 'நூற்பாலைத் தொழிலாளரின் பணி மனநிறைவு'. தன் ஆலையிலேயே ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு, பதில்களைத் தொகுத்து, அட்டவணை போட்டு, ஆய்வேட்டைக் கட்டி ஹெப்சிபாவின் மேஜையில் வைத்துவிட்டார். வாரங்கள் ஓடின. ஹெப்சிபா கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"தொழிலாளிங்க சந்தோஷமா இருக்காங்க மேடம். அது ஒரு குத்தமா?"

சம்பளம், கேன்டீன், ஓய்வு நேரம், மேலதிகாரிகள் நடந்துகொள்ளும் விதம் என எதைக் கேட்டாலும் அவர்கள் ஒரே குரலில் 'முழுத் திருப்தி' என்றுதான் சொல்லியிருந்தார்கள். எங்கோ ஒருவர், இருவர் வெறும் 'திருப்தி' என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள்மேல் கோமதிநாயகத்துக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்கூட உண்டு.

ஹெப்சிபா பக்கங்களைப் புரட்டினார்.

கோமதிநாயகத்தின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டுப் பக்கம் பத்திரிகையில் பெயருக்குப் பெயர் டாக்டர் பட்டம். அதில் ஒருவர் மாட்டு டாக்டர், இருந்தாலும் டாக்டர்தானே. தன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அச்சகக்காரரிடம் மட்டும், பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வைக்கும்படி ரகசியமாகச் சொல்லியிருந்தார். இப்போது கையெழுத்து விழுந்தால் எல்லாம் நேரத்துக்கு முடியும். விழாவிட்டால் அந்த இடம் காலியாகவே போகும்.

இதையும் மேடத்திடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

ஹெப்சிபா ஆய்வேட்டை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பீங்களா சார்?"

"இருப்பேன் மேடம்."

"சர்ச்ல ஆராதனை முடிஞ்சதும் சாப்பிட வரேன். வீட்ல சொல்லிடுங்க."

வந்தார். பிரமநாயகி இலை போட்டு, விருந்தாகச் சமைத்திருந்தாள். சாப்பிட்டு எழுந்ததும் ஹெப்சிபா நாற்காலியை அடுக்களை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாரின் ஆராய்ச்சியில் ஒரு சின்னப் பரிசோதனை, ரெண்டு மூன்று கேள்விகள் கேட்கலாமா என்றார். பிரமநாயகி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கேள்விகள் எல்லாம் கோமதிநாயகத்தின் கேள்விகள்தான். ஹெப்சிபா அவற்றை மனப்பாடமாகவே வைத்திருந்தார். ஆலை என்று வந்த இடத்தில் வீடு என்று மட்டும் மாற்றிக்கொண்டார்.

முதல் கேள்வி, வேலை நேரம் பற்றியது.

பிரமநாயகி கணவரைப் பார்த்தாள். அவர் உற்சாகமாகி, என்னென்ன பதில் சொல்லலாம் என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தார். முழுத் திருப்தியில் ஆரம்பித்தார். ஆலையிலும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்.

"முழுத் திருப்தி" என்றாள் பிரமநாயகி.

ஓய்வு நேரம்?

அதுவும் முழுத் திருப்தி.

"உங்க குறையைச் சொன்னா மேலதிகாரி காது கொடுத்துக் கேக்குறாரா?"

மேலதிகாரி யார் என்பதில் அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.

"அவுகளா? அவுக பாவம்" என்றாள் பிரமநாயகி. "முழுத் திருப்திதான்."

கோமதிநாயகம் ஹெப்சிபாவைப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஹெப்சிபா கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். வெயில் தாங்கவில்லை, இங்கே பக்கத்தில் பன்னீர் சோடா கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும். ஆனால் முக்குக் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்தது. கோமதிநாயகம் அடுத்த தெருவரை நடந்து, அங்கும் இல்லாமல், பேருந்து நிறுத்தத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வாசல் கேட்டில் கை வைத்தபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஹெப்சிபாவின் சிரிப்பு அவருக்குத் தெரியும். இது இன்னொரு சிரிப்பு. மூச்சு முட்டி, நிறுத்தி, மறுபடியும் பொங்கி வரும் சிரிப்பு. தன் வீட்டில் யார் இப்படிச் சிரிப்பார்கள் என்று யோசித்தபடி உள்ளே போனார்.

பிரமநாயகிதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரமநாயகி சட்டென்று பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கோமதிநாயகம் சோடா பாட்டில்களோடு நின்றார்.

ஹெப்சிபாவை வழியனுப்பத் தெருவரை வந்தபோது, என்ன பேசினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க ஒவ்வொரு தொழிலாளிகிட்டயும் என்ன சொல்லி ஆரம்பிச்சீங்க சார்?"

"நீங்க சொல்றது வெளியே போகாதுன்னு."

"நானும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகு, கையெழுத்து வேண்டும் என்றால் நாளைக்கே துறைக்கு வரும்படி சொன்னார். இனிமேல் தாமதிக்கமாட்டாராம். பேனாவை மட்டும் கோமதிநாயகமே கொண்டு வர வேண்டுமாம்.

கோமதிநாயகம் நேரே அடுக்களைக்குப் போனார்.

"என்ன பேசுனிய ரெண்டு பேரும்?"

"சமையலைப் பத்தித்தான்" என்றாள் பிரமநாயகி.

மறுநாள் காலை கோமதிநாயகம் சட்டைப்பையில் பேனாவோடு புறப்பட்டார். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஆலைக்குப் போனார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

தன் அறையில் தன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடங்களில் அதில் அவர் உட்கார்ந்ததில்லை. பதில் சொன்னவர்கள் எல்லாரும் உட்கார்ந்த நாற்காலி. அதில் ஒரு கால் லேசாக ஆடும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அங்கிருந்து பார்த்தால் மேஜையின் மேல் முதலில் கண்ணில் படுவது ரப்பர் ஸ்டாம்ப். 'விடுப்பு அனுமதிக்கப்பட்டது.' பக்கத்தில் இன்னொன்று, 'அனுமதி இல்லை.' இரண்டுக்கும் நடுவே மை அட்டை.

 பதில் சொல்வதற்கு முன் பிரமநாயகி தன்னைப் பார்த்த பார்வை அவருக்கு நினைவுக்கு வந்தது. இந்த நாற்காலியில் இருந்துகொண்டு அந்தப் பார்வையோடு பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கேள்விகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினார். ஓர் இடத்தில் நின்றார். பெண்கள் ஓய்வறையைப் பற்றிய கேள்வி. அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அந்த ஓய்வறை மராமத்துக்காகப் பூட்டிக் கிடந்தது. சாவி அவரிடம்தான் இருந்தது.

அதற்கும் முழுத் திருப்தி.

கோமதிநாயகம் ஆளில்லாத அறையில் தனியாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது முகம் வேர்த்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஹெப்சிபா முன்னால் போய் நின்றார். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை போனால் போகட்டும் என்றார். 

"ஏன் கிழிக்கணும்? பொய்யா எதுவும் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். அவங்க வாயால சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்."

"கூட்டல் கழித்தல்ல ஏதாவது தப்பு இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்போ தப்பு எங்கே இருக்கு?"

கோமதிநாயகம் யோசித்தார். ஹெப்சிபா தேநீர் வரவழைத்தார். கோமதிநாயகம் அதைக் குடிக்கவில்லை. ஆடை படிந்தது.

பிறகு ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, பையிலிருந்த பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் தலைப்பை அடித்தார். அதன் கீழே இப்படி எழுதினார்:

'விடுப்புக் கொடுக்கும் அதிகாரி கேட்கும்போது தொழிலாளர் சொல்லும் பதில்கள்.'

ஹெப்சிபா படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இது நல்ல ஆய்வு சார்" என்றார்.

தலைப்பை மாற்றக் குழு கூட வேண்டும். குழு கூட மாதங்கள் ஆகும். புதிய தலைப்புக்கு ஏற்றபடி பாதி அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டும். அதெல்லாம் இருவருக்கும் தெரியும்.  ஆறின தேநீரை அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

பத்திரிகை அச்சாகி வந்தது. அவர் சொன்னபடியே அச்சகக்காரர் பெயருக்கு முன்னால் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தை நெருக்கிவிடச் சொல்ல அவர் மறந்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் சிலர் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். மகள் மட்டும் கேட்டாள், அப்பா இங்கே பல்லு விழுந்திருக்கே என்று. அவர் சிரித்து மழுப்பினார்.

பட்டம் பிறகு வந்தது. வாய்மொழித் தேர்வில் ஓய்வறைச் சாவியைப் பற்றி அவரே சொன்னபோது வெளியூர்த் தேர்வாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

ஆலையில் அந்த மேஜையின் மேல் அப்புறம் ஸ்டாம்ப் இருந்ததில்லை. இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அது போதாது என்றும் அவருக்குத் தெரியும். ஆட்கள் இழுப்பறையையே பார்த்துக்கொண்டு பேசினார்கள். அதனால் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போக ஆரம்பித்தார். முதலில் அவர் உட்கார்ந்த மேஜை காலியாகும். நாளடைவில் காலியாகவில்லை. கொஞ்ச காலம் கழித்து, குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று ஒரு பெண் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அன்று அவர் வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அந்த அடுக்களைச் சிரிப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தும்போதெல்லாம் பிரமநாயகியிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். என்ன பேசுனிய? அவளும் ஒரே பதிலைச் சொல்வாள். சமையலைப் பற்றித்தான். நம்பாத முகத்தோடு அவர் அந்தப் பக்கம் போய்விடுவார். தன்னைப் பற்றி அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள். தான் காது கொடுத்துக் கேட்காதவன் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட மோசமாகவும் இருக்கலாம். அதனால் அவளிடம் முன்னைவிட இதமாக நடந்துகொண்டார். காய் வாங்கி வந்தார். துணி மடித்தார். செய்யும்போதே, இது அன்பா பயமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். 

பணி ஓய்வும் பெற்றுவிட்டார்.

ஹெப்சிபாவுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போகுமுன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கக் கோமதிநாயகம் உதவிக்குப் போனார். தூசியில் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே அடுக்கினார்கள். இனிமேல் எப்போது பார்ப்போமோ என்று நினைத்ததும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மேடம், இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்கு என் சம்சாரம் என்ன சொன்னா?"

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தார். இன்னுமா என்பது போல.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். சமையலைப் பத்திங்கறா."

"நம்பலையா?"

"எப்படி மேடம் நம்ப? நான் கேட்டுக்கு வெளியே நிக்கிறேன், தெருவுக்கே கேக்குற மாதிரி சிரிப்பு. சமையல்ல சிரிக்க என்ன இருக்கு?"

ஹெப்சிபா கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

"அதைக் கேட்டீங்களா?"

"எதை?"

"சிரிக்க என்ன இருக்குன்னு."

 கோமதிநாயகம் மிச்சப் புத்தகங்களை அடுக்கி, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் தெரிந்தவர் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். காதில் விழவில்லை.

பிரமநாயகி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு மணையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். தரையில் கிடந்த தேங்காய் மூடியைக் கையில் எடுத்து உருட்டினார்.

"அன்னைக்கு மேடமும் நீயும் எதுக்கு அப்படிச் சிரிச்சிய?"

அவள் துருவுவதை நிறுத்தினாள். ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப என்ன திடீர்னு?"

"சும்மா. தெரிஞ்சுக்கிடத்தான்."

அவள் சொன்னாள்.

பிடிக்காமல் செய்கிற வேலை இந்த வீட்டில் ஏதாவது உண்டா என்று மேடம் கேட்டாராம். இப்போது இல்லை, முன்னால் ஒன்று இருந்தது என்று இவள் சொன்னாளாம். கல்யாணமாகி வந்த புதிதில் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை முதல்முதலாகத் தனியாக வைத்த கதை அது. தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டால் கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். பயத்தில் பார்க்காமல் விட்டுவிட்டாள். பால் திரிந்து, திப்பி திப்பியாக மிதந்தது. கொட்டிவிட்டு வேறு வைக்க நேரமில்லை. புது மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு பின்னால் நின்றாள்.

"நீங்க ஒரு வாய் வச்சிய. ரொம்ப நல்லா இருக்குன்னிய. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டு வேற வாங்கிக்கிட்டிய."

"ஆமா" என்றார் கோமதிநாயகம் மெதுவாக.

"உங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எப்ப சொதி வச்சாலும், திரியற வரைக்கும் அடுப்பை அணைக்காம பக்கத்துலயே நின்னுக்கிட்டிருப்பேன். மூக்கைப் பொத்திக்கிடுவேன். நான் ஒரு நாளும் அதை வாயில வைக்கல. புள்ளைக்குப் பேச்சு வந்து, தட்டைத் தள்ளிவிட்டு 'த்தூ'ன்னுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் நிறுத்துனேன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்று அவர் கேட்ட அதே சிரிப்பு.

கோமதிநாயகத்துக்கு அந்த முதல் சொதி நினைவுக்கு வந்தது. அதன் வாடை, நாக்கில் ஒட்டிய திப்பி, குமட்டலை அடக்கிக்கொண்டு விழுங்கியது எல்லாம். திரும்பியபோது அவள் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நல்லா இருக்கு என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், அவளுக்கு இப்படித்தான் வைக்கத் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறார்.

அதை அவளிடம் சொன்னார்.

பிரமநாயகி அவரையே பார்த்தாள். கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் அடக்கினால் அவர் ஆரம்பித்தார். அவர் அடக்கினால் அவள். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து, யாரோ எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள்.

சிரிப்பு ஓய்ந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு துருவியைத் தன் பக்கம் இழுத்தாள்.

கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த மூடியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா இல்லன்னு அன்னைக்கு நான் சொல்லியிருந்தா, நீ என்ன செஞ்சிருப்பே?"